பொனற்றின் கீழே: கார் எஞ்சினின் உணரிகளைத் தேடிக் கண்டுபிடித்தல்

ஸ்டோவ்னரில் குளிர் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல ஒரேமாதிரித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணை, காரிலை மஞ்சள் லைற் எரியுது. ஓடலாமோ?" நான் மெக்கானிக் இல்லை. பழைய கார்களையே வாங்கி ஓட்டியவன், பொனற்றைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தால் வேறு சிலருக்கும் உதவுமே என்ற எண்ணத்தில் எழுதப்படுவது இக்கட்டுரை.

ஒஸ்லோவின் வடகிழக்கு மூலையில், மேட்டுப்பாங்கான இடத்தில் இருக்கிறது ஸ்டோவ்னர். தமிழர்கள் செறிந்து வாழும் பகுதி. நோர்வேயில் 2024 செப்ரெம்பரில் மின்கார்களின் எண்ணிக்கை பெற்றோல் கார்களின் எண்ணிக்கையை முந்திவிட்டது. ஆனாலும் எங்கள் அடுக்குமாடிகளின் கீழே பதினைந்து இருபது வயதான பெற்றோல் கார்கள் இன்னும் நிற்கத்தான் செய்கின்றன. விடியப்புறம் துப்புரவு வேலைக்கும், இரவில் முதியோர் இல்லத்துக்கும் போய்வருபவர்களின் கார்கள் அவை. அவை ஒருநாள் ஓடாவிட்டால் ஒருநாள் சம்பளம் இல்லை. பிழையான பாகத்தை மாற்றினால் ஒரு கிழமைச் சம்பளம் இல்லை.

காபரேற்றர் காலத்து உணரிகள்

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது நினைவிருக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் சூடாகிவிட்டதா என்பதைச் சொன்னது ஓட்டுநரின் கை. கலவை சரியா என்பதைச் சொன்னது அவரது காது. புகையின் நிறத்தைப் பார்த்தது அவரது கண். சோக் குமிழை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பதெல்லாம் அனுபவம்.

இன்றைய காரில் அந்தக் கை, காது, கண் ஆகியவற்றின் வேலையைச் செய்பவைதான் உணரிகள். அவை தரும் செய்தியை வைத்து எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் பொறி கொடுப்பது என்று ஒரு சிறு கணினி முடிவெடுக்கிறது. சோக் குமிழ் மறைந்துபோனது. அதன் வேலை மறையவில்லை. குளிர்விப்பு நீரின் வெப்பத்தை அளக்கும் பெருவிரல் அளவான ஓர் உணரியைப் பார்த்துக் கணினி அதைச் செய்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே விதி

ஒவ்வொரு காருக்கும் படம் தேடி மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஓர் உணரி எதை அளக்கிறதோ, அது இருக்கும் இடத்தில்தான் உணரியும் இருக்கும். காற்றை அளப்பது காற்று போகும் குழாயில், புகையை அளப்பது புகைக்குழாயில், சுழற்சியை அளப்பது சுழலும் தண்டின் அருகில். ஆகவே உணரியின் பெயரைக் கேட்டதும், அது அளக்கும் பொருள் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறது என்று தொடர்ந்து போனால் பெரும்பாலும் அதன்மேல் கை முட்டும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 1997இல் அறிமுகமான நான்காம் தலைமுறை வொக்ஸ்வாகன் கோல்ஃப். அதன் அமைப்பை விளங்கிக்கொண்டால் மற்றச் சிறிய கார்களையும் விளங்கிக்கொள்ளலாம்.

தொடங்குமுன்

இடம், வலம் என்று நான் எழுதுவதெல்லாம் காருக்குள் முன்னோக்கி இருப்பவரின் இடம், வலம். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஸ்ரியறிங் வலப்பக்கம் மாறியிருக்கும், எஞ்சின் மாறுவதில்லை. கோல்ஃபில் எஞ்சின் குறுக்காக நிற்கிறது. டைமிங் பெல்ட் வலப்பக்கம், கியர்ப்பெட்டி இடப்பக்கம். காற்று வடிகட்டிப் பெட்டி வலப்பக்கம், பற்றறி இடப்பக்கம்.

ஒரே காரில் பலவித எஞ்சின்கள் வந்தன. 1.4, 1.6, 1.8, 2.0 லீற்றர் என்பது போதாது. எஞ்சினுக்கு மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் ஒட்டப்பட்ட தாளிலும் சேவைப் புத்தகத்திலும் அது இருக்கும். பாகம் வாங்கப் போகுமுன் அதை எழுதிக்கொண்டு போங்கள்.

எஞ்சின் முற்றாக ஆறிய பின்பே கை வையுங்கள். சூடான எஞ்சினில் குளிர்விப்பு நீர் அழுத்தத்தோடு இருக்கும். மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். ரேடியேற்றர் விசிறி, திறப்பை எடுத்த பிறகும் சுழலக்கூடும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவேண்டாம்.

காற்றின் வழி

காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து புறப்படும் குழாயின் தொடக்கத்திலேயே இருப்பது காற்றுநிறை மானி. உள்ளே ஒரு மெல்லிய சூடான படலம்; கடந்துபோகும் காற்று அதை எவ்வளவு ஆற்றுகிறது என்பதிலிருந்து காற்றின் அளவு கணிக்கப்படுகிறது. எண்ணெய்ப்பசை, தூசு பட்டால் அளவு குறைத்துக் காட்டும். விரலாலோ துணியாலோ தொடக்கூடாது. அதற்கென விற்கப்படும் ஸ்பிறேயை அடித்து உலரவிடலாம்.

1.4 லீற்றர், 16 வால்வு எஞ்சினில் இந்த மானியைத் தேடினால் கிடைக்காது. அதில் காற்றின் நிறைக்குப் பதிலாக உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதியின் அழுத்தம் அளக்கப்படுகிறது. அழுத்த உணரி அந்தக் குழாய்த்தொகுதியின் மேலேயே இருக்கும்.

குழாயைத் தொடர்ந்து போனால் வருவது காற்றுக்கதவு. மிதியை அழுத்தத் திறப்பது இதுதான். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கும் உணரி அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தேடவேண்டாம். அதைத் தாண்டினால் குழாய்த்தொகுதி, அதன் கீழ்முனையில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு எரிபொருள் தெளிப்பான்கள்.

இந்த வழியில் உணரி அல்லாத ஒன்றையும் பார்த்துவிடுங்கள்: மெல்லிய இறப்பர்க் குழாய்கள். பல ஆண்டுக் குளிரிலும் சூட்டிலும் அவை வெடித்துப்போகும். மானி அளக்காத காற்று அந்த வெடிப்பால் உள்ளே போகும். கணினிக்குக் கணக்குப் பிசகும். பழி ஏதோ ஓர் உணரியின் மேல் விழும்.

நீரின் வழி

சிலிண்டர் தலையின் இடது முனையில், கியர்ப்பெட்டிக்கு மேலே, நீர்க்குழாய்கள் வந்து சேரும் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் இணைப்பு இருக்கிறது. அதில் ஒரு கவ்வியால் பிடித்து வைக்கப்பட்டிருப்பது வெப்ப உணரி. 1.8, 2.0 லீற்றர் பெற்றோல் எஞ்சின்களிலும் 1.9 லீற்றர் டீசலிலும் இதே இடம்தான். ஆரம்பத்தில் கறுப்பு நிறத்தில் இருந்தது; பின்னர் மாற்றுப் பாகமாக வந்தது பச்சை.

இந்தச் சிறு உணரிக்கு நான்கு முனைகள். ஏனென்றால் ஓர் உறைக்குள் இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் கண்முன் இருக்கும் வெப்பமுள்ளுக்குச் செய்தி அனுப்புகிறது. மற்றது கணினிக்கு அனுப்புகிறது. முள் சரியாக 90இல் நின்றாலும் கணினிக்குப் போகும் செய்தி பிழையாக இருக்கலாம். "முள்ளு சரியாத்தானே நிக்குது" என்று சொல்லி இதைத் தள்ளிவிடக்கூடாது.

இதன் மின்தடை வெப்பம் ஏற ஏறக் குறையும். 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1500 முதல் 2000 ஓம், 80 பாகையில் 275 முதல் 375 ஓம். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்க, சூடு என்று இது சொன்னால், கணினி பெற்றோலைக் குறைத்துவிடும். மைனஸ் 15இல் கார் ஸ்ரார்ட் ஆகாது. சூடாக இருக்க, குளிர் என்று சொன்னால், பெற்றோல் வீணாகும், பிளக் கறுக்கும், நாளடைவில் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியும் கெடும்.

குளிர்நாட்டுக்காரருக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. இரவு முழுவதும் வெளியில் நின்ற காரில், ஸ்ரார்ட் செய்யுமுன், குளிர்விப்பு நீரின் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் குறியீடு வாசிக்கும் கருவியில் பாருங்கள். இரண்டும் வெளி வெப்பநிலையோடு ஓரிரு பாகைக்குள் ஒத்துப்போகவேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுவே சந்தேகத்துக்குரியது. இரவில் மோட்டார் சூடாக்கியை மின்சாரத்தில் செருகி வைத்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது. நீர் மட்டும் சூடாக இருப்பது அப்போது இயல்பு.

சுழலும் தண்டுகளும் தட்டும் ஒலியும்

கிராங் தண்டு எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்வது கிராங் உணரி. 1.8, 2.0 லீற்றர் எஞ்சின்களில் எஞ்சினின் முன்பக்கம், ஒயில் வடிகட்டியின் அருகே, கீழே இருக்கிறது. உள்ளே 60 பற்களுக்கு இடம் வகுத்து 2 பற்களை இல்லாமல் விட்ட ஒரு சக்கரம் சுழல்கிறது. அந்த இடைவெளி கடந்துபோகும்போது தண்டின் நிலை கணினிக்குத் தெரிந்துவிடும். வேறு சில எஞ்சின்களில் இவ்வுணரி எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கும். இரண்டும் அதே தண்டின் அருகில்தான்.

இது கெட்டுப்போகும் விதம் விசித்திரமானது. சூடானதும் எஞ்சின் திடீரென நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். நெடுஞ்சாலையில், சுரங்கப்பாதைக்குள் இப்படி நிற்பது உயிராபத்து. அலட்சியம் செய்யவேண்டாம்.

கேம் தண்டின் உணரி டைமிங் பெல்ட்டின் மேல்மூடிக்குப் பின்னால் இருக்கிறது. இது பழுதானால் பெரும்பாலும் ஸ்ரார்ட் ஆக நேரமெடுக்கும்; ஆனாலும் ஓடும்.

தட்டல் உணரி எஞ்சினின் உடம்பில், முன்பக்கம், உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதிக்குக் கீழே நேரடியாக முறுக்கப்பட்டிருக்கும். சிலிண்டருக்குள் எரிபொருள் முறையற்று வெடிக்கும் ஒலியை உலோகத்தின் வழியே கேட்பது அதன் வேலை. பழைய மெக்கானிக் ஸ்குறூட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைப்பாரே, அதே முறைதான். இதன் ஆணியை 20 நியூற்றன் மீற்றர் விசையில் முறுக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் காது மந்தமாகிவிடும்.

புகையின் வழி

புகைக்குழாயில் வினையூக்கி மாற்றிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு லம்டா உணரிகள். புகையில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசனை அளக்கின்றன. முன்னது கலவையைத் திருத்துவதற்கு. பின்னது மாற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதற்கு. ஏறத்தாழ 300 பாகைக்கு மேலே சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் உள்ளே ஒரு சிறு சூடாக்கி இருக்கிறது. பழைய வகையில் முன்னுணரியின் அழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்கவேண்டும். ஓரிடத்தில் உறைந்து நின்றால் பிழை.

கணினியும் மற்றவையும்

கணினி, கண்ணாடி துடைப்பான்களுக்குக் கீழே உள்ள பிளாஸ்ரிக் மூடிக்கு அடியில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பேர்ச் மர இலைகள் விழுந்து அங்குள்ள நீர்வடிகாலை அடைத்தால் தண்ணீர் தேங்கும். ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து இலையை அள்ளிவிடுவது நல்லது. எரிபொருள் பம்ப் தாங்கிக்குள் இருக்கிறது. பின்னிருக்கைக்குக் கீழே அதன் மூடி. பம்ப்பின் ரிலே, ஸ்ரியறிங்குக்குக் கீழே உள்ள ரிலேப் பலகையில். உருகிகள் டாஷ்போர்டின் ஓரத்திலும், பற்றறியின் மேலேயும்.

குறியீடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2001 முதல் எல்லாப் புதிய பெற்றோல் கார்களிலும், 2004 முதல் டீசல் கார்களிலும் தன்னையே சோதிக்கும் ஓ.பி.டி. ஏற்பாடு இருக்கவேண்டும். ஸ்ரியறிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட செருகுவாய் அதற்குரியது. மலிவான வாசிப்புக் கருவியை அதில் செருகினால் கைத்தொலைபேசியிலேயே குறியீட்டைப் படிக்கலாம். அடிக்கடி வரும் சில:

பி 0102 – காற்றுநிறை மானியின் செய்தி மிகக் குறைவு
பி 0118 – குளிர்விப்பு நீர் வெப்ப உணரியின் செய்தி மிக உயர்வு
பி 0128 – எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை, பெரும்பாலும் தேர்மோஸ்டாற்
பி 0171 – கலவையில் பெற்றோல் போதாது
பி 0300 – பல சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது. 0301 முதல் 0304 வரை எந்தச் சிலிண்டர் என்பதைக் குறிக்கும்
பி 0325 – தட்டல் உணரியின் மின்சுற்று
பி 0335 – கிராங் உணரியின் மின்சுற்று
பி 0340 – கேம் உணரியின் மின்சுற்று
பி 0420 – வினையூக்கி மாற்றியின் திறன் குறைவு

மின்சுற்று என்ற சொல்லைக் கவனியுங்கள். உணரி, அதன் செருகி, கணினிவரை போகும் வயர் எல்லாம் சேர்ந்ததே மின்சுற்று. குறியீடு முறைப்பாட்டைச் சொல்கிறது, குற்றவாளியைச் சொல்வதில்லை. ஒஸ்லோ வீதிகளில் பனிக்காலத்தில் கொட்டப்படும் உப்பு செருகிகளுக்குள் புகுந்து பச்சையாய்ப் பூத்துக் கிடப்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். செருகியைக் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டியதும் விளக்கு அணைந்த கார்களும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒருவர், அதிகாலை நான்கரைக்கு வேலைக்குப் புறப்படுபவர். விளக்கு எரிந்தது, பி 0171. ஒரு கராஜில் லம்டா உணரியை மாற்றினார்கள். மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்ததாகக் காற்றுநிறை மானியை மாற்றவேண்டும் என்றார்கள். அவர் எனக்கு எடுத்தார். காற்றின் வழியே இருவரும் தேடிப் போனோம். குழாய்த்தொகுதிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல்மொத்த இறப்பர்க் குழாய் ஒன்று நீளவாட்டில் பிளந்திருந்தது. லம்டா உணரி பொய் சொல்லவில்லை. புகையில் ஒட்சிசன் கூட இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னதற்காகத்தான் அது கழற்றி எறியப்பட்டது. "தம்பி, எனக்கு இதைப் பற்றித் தெரியாது எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிட்டுது" என்றார் அவர். ஏமாற்றினார்களா, அவசரப்பட்டார்களா என்பதை நான் அறியேன். கேள்வி கேட்க ஒரு சொல்லாவது கையில் இல்லாதவரிடம் யாரும் விளக்கம் சொல்லி மினக்கெடுவதில்லை என்பது மட்டும் தெரியும்.

கராஜில் கேட்கவேண்டியவை

குறியீடு எது? அந்தப் பாகம்தான் பிழை என்று எப்படிச் சோதித்தீர்கள்? வயரையும் செருகியையும் பார்த்தீர்களா? இந்த மூன்று கேள்விகளும் போதும். நல்ல மெக்கானிக் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார்.

நோர்வேயில் இருப்பவர்கள் "பிரிஸ்ஓவர்ஸ்லாக்" என்ற சொல்லைப் பாடமாக்கி வையுங்கள். செலவு மதிப்பீடு என்று பொருள். அப்படி ஒன்று தரப்பட்டிருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, இறுதிக் கட்டணம் அதைவிட 15 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று கைவினைச் சேவைகள் சட்டம் சொல்கிறது. எழுத்தில் வாங்குங்கள்.

சில சொற்கள்

வொக்ஸ்வாகன் கையேடுகளில் உணரிகளுக்கு 'ஜி' என்ற எழுத்தோடு எண் கொடுத்திருப்பார்கள்: கிராங் உணரி ஜி 28, முன் லம்டா ஜி 39, கேம் உணரி ஜி 40, தட்டல் உணரி ஜி 61, நீர் வெப்ப உணரி ஜி 62, காற்றுநிறை மானி ஜி 70, பின் லம்டா ஜி 130. 'ஜி' என்பது 'கேபர்' என்ற ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து; கொடுப்பவர் என்று பொருள். நோர்வேஜியர் 'ஃபோலர்' என்பார்கள், உணர்பவர். எங்கள் 'உணரி'யும் அதுவே. காற்றுநிறை மானி இங்கே 'லுஃப்ட்மாஸெமோலர்', தட்டல் உணரி 'பாங்கெசென்சூர்', வினையூக்கி மாற்றி 'கத்தலிசாத்தூர்', மஞ்சள் விளக்கு 'மோட்டோர்லாம்பெ', பிழைக் குறியீடு 'ஃபைல்கூடெ'. தமிழில் விளங்கிக்கொண்டு இந்தச் சொல்லில் கேட்டால் கராஜில் மரியாதை வேறு.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, கார் வழமைபோல் ஓடினால், வேலைக்குப் போய்வரலாம். அன்றே அல்லது அடுத்த நாள் குறியீட்டைப் படித்துவிடுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் வினையூக்கி மாற்றிக்குள் போகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஒயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். குறியீட்டை அழிக்குமுன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்குக் கார் தரும் வாக்குமூலம் அது ஒன்றுதான்.